முப்பது கடையும் என் மூன்று படியும்

1

இன்று எங்கள் ஊர்ச் சதுக்கத்துக்கு முதல் ஆண்டு நிறைவு. ஜெர்மனியின் வடமேற்கில், பெயரைச் சொன்னால் ஜெர்மானியர்களே “அது எங்கே இருக்கிறது?” என்று கேட்கும் ஒரு சிற்றூரில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். நூற்பாலை இயந்திரங்கள் செய்கிற கம்பெனியில், சோதனைப் பிரிவில் வேலை. ஊரின் நடுவில் நகர்மன்றம், அதன் முன்னால் இந்தச் சதுக்கம். ஒரு காலத்தில் முழுக்கக் கார் நிறுத்தும் இடமாகக் கிடந்தது. போன வருஷம் இதே நாளில் வண்டிகளை வெளியேற்றி, கல் பாவி, மரம் நட்டு, நடப்பவர்களுக்கென்று திறந்துவிட்டார்கள். இப்போது வாரச் சந்தை இங்கேதான், கோடையில் பாட்டுக் கச்சேரியும் இங்கேதான்.

திறப்பு விழா அன்று நான் முதல் ஆளாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெருமையில் முகம் வீங்கியிருக்கும். அந்த நேரம் பார்த்து ராஜபாளையத்திலிருந்து அத்தான் கூப்பிட்டார். அத்தான் என்றால் என் அக்கா முத்துலட்சுமியின் கணவர், வேலாயுதம். நான் போனைத் திருப்பிச் சதுக்கத்தைக் காட்டினேன். நீரூற்றைக் காட்டினேன். மேயரைக்கூடக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு அவர் சொன்னார், நம்ம கடை இருக்கிற நாலு முக்குச் சந்திப்பையும் இப்படிச் செய்யலாம் என்று நகராட்சியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், கடைக்காரர்களைச் சம்மதிக்க வைக்கும் பொறுப்பைத் தன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அத்தானும் சிரித்தார். அடுத்த நாலரை மாதத்தில் நாலு முக்கு தயாராகிவிட்டது.

வெளிநாட்டில் இருப்பவன் ஊரை நினைத்து ஏங்குவான் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். நானும் அப்படி இரண்டு மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன். இது அந்த வகை இல்லை. எனக்கு இருந்தது பொறாமை. நல்ல காரமான, இரவு சாப்பாட்டைக் கெடுக்கிற பொறாமை. ஒரு வருஷம் அதை வைத்துக்கொண்டு என்னென்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

2

முதலில் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் வயிற்றெரிச்சலின் அளவு உங்களுக்குப் புரியும்.

இந்தச் சதுக்கத்துக்கு ஆறு வருஷம் ஆனது. முதல் வருஷம் கருத்துக் கேட்டார்கள். வீட்டுக்கு வீடு கேள்வித்தாள் வந்தது. இரண்டாம் வருஷம் அந்தக் கருத்துகளைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். மூன்றாம் வருஷம், மூலையில் நிற்கிற பழைய மரத்தின் பொந்தில் வௌவால் இருக்கிறதா என்று ஒரு நிபுணர் வந்து பார்த்தார். இருந்தது. அதனால் வௌவால் குட்டி போடும் காலம் முடியும்வரை மண்வெட்டி படக்கூடாது. நாலாம் வருஷம் தோண்டியபோது பழைய சுவரின் அடித்தளம் வந்தது, தொல்லியல்காரர்கள் தூரிகையோடு வந்து உட்கார்ந்தார்கள். நாங்கள் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தோம்.

குடிமக்கள் குழு என்று ஒன்று வைத்தார்கள். அதில் நானும் ஒருத்தன், குழுவிலேயே ஒரே மாநிறம். ஒரு கூட்டத்திலும் தவறியதில்லை. வயதானவர்கள் உட்கார நிழலில் இடம் வேண்டும் என்று சொல்ல ஒருநாள் எழுந்தேன். ஜெர்மன் மொழியில் உட்காருவதும் வியர்ப்பதும் சத்தத்தில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்: ஸிட்ஸன், ஷ்விட்ஸன். பதற்றத்தில், வயதானவர்கள் நிம்மதியாக வியர்க்க இடம் வேண்டும் என்று உரக்கக் கேட்டுவிட்டேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மரியாதையாகக் குறித்துக்கொண்டார்கள். சிரித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அடுத்த வாரம் வந்த கூட்டக் குறிப்பில் அதைத் திருத்தி, என் பெயரைப் போட்டு, பெஞ்சு கேட்டதாக எழுதியிருந்தார்கள். மரத்தடி பெஞ்சு அப்படி வந்ததுதான். ஆறு வருஷத்தில் நான் சாதித்தது ஒரு பெஞ்சு.

ஆனால் அதை வைத்து ஊரில் நான் பண்ணிய அலம்பல் கொஞ்சமா? ஒவ்வொரு விடுமுறைக்கும் போய், கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அத்தானுக்கு வகுப்பெடுப்பேன். நடைபாதை என்றால் என்ன, பொது இடம் என்றால் என்ன, மனிதன் நடப்பதற்குத்தான் ஊர் என்றெல்லாம். ஒருமுறை பதினாலு பக்கத்தில் படங்களோடு ஒரு திட்டம் எழுதி நகராட்சிக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன், அதுவும் பாதி புரியாத ஆங்கிலம். அத்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். கேட்டுக்கொண்டே யாருக்காவது பெல்ட்டு அளந்து கொடுத்துக்கொண்டிருப்பார்.

3

நாலு முக்கு தெரியாதவர்களுக்காக: பஞ்சுப் பொதி லாரி, டவுன் பஸ், மில் வேன், இரண்டு சக்கர வண்டிகள் எல்லாம் நாலு பக்கமிருந்தும் வந்து முட்டிக்கொள்ளும் இடம். சுற்றிலும் முப்பது கடைகள். பேண்டேஜ் துணி மொத்த வியாபாரம், பேக்கரி, பாத்திரக்கடை, செருப்புக்கடை என்று. அவை போக நடுவில் எங்களுடைய மில் ஸ்டோர்ஸ். பாபின், பெல்ட்டு, பேரிங் விற்கிற கடை. தேவதானத்திலிருந்து பிழைக்க வந்த அப்பா வாங்கிய இடம். கடைக்கு முன்னால் ஆறடி நிலம் எங்கள் பட்டாவில் இருக்கிறது. அதில் மூன்று கல்படி. அப்பா போன பிறகு அக்காவுக்கும் எனக்கும் பொதுவான சொத்து. கடையை நடத்துவது அத்தான்.

அத்தானின் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், தேரோடும் வீதியில் வீடு. ஆடியில் தேருக்கு முன்னால் அந்த வீதி எப்படிக் காலியாகும் என்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். கடை முகப்பில் நீட்டிய தகரத்தை அவரவரே கழற்றி உள்ளே வைப்பார்கள். தள்ளுவண்டிகள் போன இடம் தெரியாது. ஒருத்தருக்கும் யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை, நம் வீட்டு விசேஷம் என்று எல்லாருக்கும் தெரியும். நாலு முக்கையும் அப்படி நினைக்க வைத்தால் போதும், நோட்டீஸ் எதற்கு என்பது அத்தானின் கணக்கு.

அதனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி அழைக்கக் கிளம்பினார். எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கல்கண்டு, ஒரு முழம் பூ. பாய் கடைக்கும், சபைக்குப் போகிற எட்வின் பேக்கரிக்கும் குங்குமத்தை எடுத்துவிட்டுக் கல்கண்டைக் கூட்டி வைத்திருக்கிறார். கடைக்காரர் கையில் தட்டைக் கொடுத்து, தை மாசக் கடைசி சனிக்கிழமை சாயங்காலம் நம்ம முக்கில் விசேஷம், வண்டி வராது, குடும்பத்தோடு வரணும், அன்றைக்கு முகப்பில் நீட்டியிருப்பதை மட்டும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளணும் என்று சொல்லியிருக்கிறார். தட்டை வாங்கியவன் எப்படி மாட்டேன் என்பான்?

பேண்டேஜ் கடை ராஜு ஒருத்தர் மட்டும் வாங்க மறுத்துவிட்டார். அவருக்குத் திட்டத்தில் ஆட்சேபம் இல்லை. விசேஷத்துக்கு அழைக்க ஒற்றை ஆளாக வருவதா, வீட்டுக்காரம்மா எங்கே என்று கேட்டிருக்கிறார். அத்தான் திரும்பி வந்து, அக்காவைப் பட்டுச்சேலை கட்டச் சொல்லி, கூட்டிக்கொண்டு போய் மறுபடி முதல் கடையிலிருந்து ஆரம்பித்தாராம். அக்கா இதைப் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே எரிந்தது. ஆறு வருஷக் குழுவில் எனக்கு ஏன் இந்த மாதிரி ஒன்று தோன்றவில்லை? இத்தனைக்கும் நானும் அதே ஊர்க்காரன்தானே?

4

பிறகு மார்கழியில் ஒருநாள் காலை, நான் பனியில் காரைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, அத்தானிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. அழைப்பிதழ். முதல் பக்கத்தின் மேல்பாதி மட்டும் சின்னதாகத் தெரிந்தது. கீழே ஒரு வரி, “மாப்ள, பாத்துக்கோ.” அதற்குக் கீழே இன்னொன்று. நம்ம ஆறடி நிலத்தையும் முக்கோடு சேர்த்துப் படியை எடுத்துவிட்டால் நடப்பவர்களுக்கு வசதி, எனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் எழுதி, தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பவும்.

நான் சுரண்டுவதை நிறுத்திவிட்டேன். முப்பது கடைக்கும் தட்டு. செருப்புக்கடைக்கும் தட்டு. நேற்று வந்த மொபைல் கடைக்காரனுக்கும் தட்டு. சொந்த மைத்துனன், பாதிச் சொத்துக்காரன், இந்த யோசனையையே முதலில் சொன்னவன், எனக்கு மட்டும் வாட்ஸப். போன் பண்ணி வாயால் ஒரு வார்த்தை, மாப்ள நீ வரணும் என்று சொன்னால் குறைந்தா போய்விடுவார்? என் வீட்டுக்காரி கலாவிடம் சொன்னேன். விமானத்திலா தட்டை அனுப்புவார்கள் என்று கேட்டுவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

பிடிஎஃப்பை நான் திறக்கவே இல்லை. அது ஒரு வைராக்கியம். அக்கா போன் பண்ணி, “பத்திரிகையப் பாத்தியாலே?” என்றபோது, “பாத்தேன் பாத்தேன்” என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். அவள் ஏதோ எதிர்பார்த்த மாதிரி கொஞ்சம் நிறுத்தினாள். நான் இங்கே குளிர் எப்படி என்று சொல்ல ஆரம்பித்தேன்.

கடிதத்தை எழுதினேன். தூதரகத்துக்கும் போனேன். ஒரே காலையில் வேலை முடிந்தது, முத்திரை வைத்து, சிரித்த முகத்தோடு கையில் கொடுத்துவிட்டார்கள். அதைக் கொண்டுவந்து மேஜை இழுப்பறையில் போட்டேன். அத்தான் கேட்கும்போதெல்லாம் ஒரு கதை சொன்னேன். முன்பதிவு கிடைக்கவில்லை, புகைப்படம் அளவு சரியில்லை, ஒரு படிவம் மாறிவிட்டது, அதிகாரி விடுப்பில் இருக்கிறார். வெளிநாட்டு அலுவலகங்களைப் பற்றி நீங்கள் எதையும் நம்புவீர்கள் என்பது எங்களுக்கு ஒரு வசதி. அத்தானும் நம்பினார். “பாவம், உன்னைய எம்புட்டு அலைக்கழிக்காங்க” என்றார்.

அவர் பாவம் என்று சொன்ன அன்றைக்காவது அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. இழுப்பறையில் அது கிடக்கிறது என்ற நினைப்பே ஒரு சுகமாக இருந்தது. என் மூன்று படி இருக்கிறவரை அத்தானின் முக்கு முழுசாகாது. முப்பது கடை முகப்பும் ஒரே வரிசையில் இருக்க, நடுவில் என் படி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். வருகிறவன் போகிறவன் எல்லாம் இது யாருடையது என்று கேட்பான்.

தை மாசம் விழா நடந்தது. வீடியோ வந்தது. வண்டி இல்லாத நாலு முக்கை நான் அதுவரை பார்த்ததில்லை. மில் பெண்கள் ஷிஃப்ட் முடிந்து பையோடு நேரே வந்து, சாலையின் நட்டநடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். கைக்குழந்தையைத் தரையில் இறக்கிவிடுகிறார்கள். நான் வேகமாக ஓட்டி என் படியைத் தேடினேன். இருந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

5

விழா முடிந்து ஒரு வாரத்தில் மாட்டிக்கொண்டேன். மகள் மதி பாஸ்போர்ட்டைத் தேடி இழுப்பறையைத் திறந்தாள். அவளுக்கு இருபது வயது, இங்கேயே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறாள். அவள் தமிழ் பேசவில்லையே என்று பத்து வருஷம் புலம்பியிருக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தேன், அவள் மூன்று வாரம் வந்துவிட்டு நீச்சலுக்குப் போய்விட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அந்தப் பேச்சுவார்த்தைக்கு நாங்கள் பழகிவிட்டோம்.

கடிதத்தின் ஆங்கிலப் பகுதியையும் முத்திரையில் இருந்த தேதியையும் படித்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். ஏன் அனுப்பவில்லை என்று கேட்டாள். தட்டைப் பற்றிச் சொன்னேன். நாலு வாக்கியத்தில் சொல்ல நினைத்து அரை மணி நேரம் சொன்னேன். தட்டில் என்னென்ன இருக்கும் என்று கேட்டாள், சொன்னேன்.

“அதெல்லாம் ஆசியக் கடையில கிடைக்குமே அப்பா. நான் வாங்கித் தரவா?”

வழக்கம்போல் ஜெர்மனில்தான். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டாள். அதுதான் தாங்கவில்லை. பிறகு அவள் சொன்னாள், படிப்பில் ஆறு மாதக் களப்பயிற்சி உண்டு, அதை நாலு முக்கிலேயே செய்யப் போகிறாளாம், அத்தையிடம் பேசிவிட்டாளாம், அதற்குத்தான் பாஸ்போர்ட். கடிதத்தை நானே கொண்டுபோகட்டுமா என்றாள். வேண்டாம், ஆடியில் நான் வரும்போது என் கையால் கொடுப்பேன் என்றேன். நல்லது, நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்கள் என்றாள். முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் இருந்தது. அதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பங்குனியில் போனாள். நாலு முக்கில் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள்; பிறகு வந்த அந்த வீடியோக்களில் எல்லாம் அவள் இருந்தாள். முதல் மாதம் ஒரு ஓரமாக நோட்டோடு நின்றாள். இரண்டாம் மாதம் தடுப்புக் கயிறு கட்டினாள். மூன்றாம் மாதம் மைக்கைப் பிடித்து, “சிவப்பு ஸ்கூட்டி யாரோடது, செத்த எடுத்துருங்க” என்றாள். கொஞ்சம் என்பதற்கு ஊரில் சொல்கிற அந்தச் செத்த என்கிற சொல்லை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. அத்தானோடு வாரேன் போறேன் என்று பேசுகிறாள். எனக்கு இன்னும் ஜெர்மனில்தான் செய்தி அனுப்புகிறாள், அதுவும் இரண்டு வரி.

பிள்ளைகள் கைநழுவிப் போகிறார்கள் என்று எங்கள் தலைமுறை ஆட்கள் எழுதாத கட்டுரை இல்லை. என் பிள்ளை நழுவி நேராக என் ஊருக்கே போய் விழுந்தாள். சந்தோஷப்பட வேண்டியவன்தான் நான். ஆனால் பத்து வருஷம் நான் முட்டி மோதித் திறக்காத கதவை அத்தான் ஒரு கயிற்றைக் கையில் கொடுத்துத் திறந்துவிட்டார். அன்றைக்கு நான் அவரை வெறுத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

6

ஆடியில் போனேன். செங்கோட்டை ரயிலிலிருந்து காலையில் ராஜபாளையத்தில் இறங்கியபோது மலையிலிருந்து சாரல் அடித்தது. ஸ்டேஷனுக்கு அத்தானே வந்திருந்தார். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, தட்டைப் பற்றி நானும் பேசவில்லை. சட்டைப்பையில் அந்தத் தாள் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம், நாலு பேர் பார்க்க, அத்தான் கையில் கொடுக்க வேண்டும் என்று ஒரு காட்சியை விமானத்திலேயே அமைத்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு நாலு பக்கமும் கயிறு கட்டினார்கள். தரை முழுக்கச் சாம்பல் நிறக் கல். ஒரே மட்டம், மேடு பள்ளம் இல்லை. எங்கள் கடை முன்னால் மட்டும் அது நின்று, என் மூன்று படியையும் சுற்றிக்கொண்டு, பொறுமையாக மறுபக்கம் போயிருந்தது. படிகளைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். கடை வாசலில் மைக்கு.

ஆறு மணிக்குப் படியில் உட்கார இடமில்லை. பேக்கரி எட்வின் தன் பழைய கிடாரோடு மேல்படியில் உட்கார்ந்து வாசித்தார். அவருக்குப் பிறகு ரிட்டையரான மில் ஃபிட்டர் ஒருத்தர் நாதஸ்வரம் எடுத்தார். மூச்சு பிடிக்கவில்லை, பாதியில் நிறுத்திச் சிரித்தார், கூட்டமும் சிரித்தது. பிறகு மில் பெண்கள் இரண்டு பேர் வந்து பாடினார்கள். கூட்டம் கல்தரையில் உட்கார்ந்து படியைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் படி அவர்களுக்கு மேடையாகியிருந்தது. எனக்கு என் படி மீதே பொறாமை வந்தது.

நான் அத்தானைத் தேடிப் போய், தாளை எடுத்து நீட்டினேன். நாலு பேர் யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடியை மாட்டி முத்திரையிலிருந்த தேதியைப் பார்த்தார். தூதரகம் அதை எனக்கு எப்போது கொடுத்தது என்பது அங்கே தெளிவாக இருந்தது.  பிறகு நாலாக மடித்து என் பையிலேயே திருப்பி வைத்தார்.

“இனி இது வேண்டாம் மாப்ள. கடுதாசி வரலன்னதும் இன்ஜினியர் படியைச் சுத்தியே கல்லப் பதிச்சுட்டாரு. மொத நாளே சனம் அதுல ஏறி உக்காந்துருச்சு. இப்பப் போயி இடிச்சா என்னைய உதைப்பாக.”

ஏழு மாதம் பூதம் காத்த மாதிரி நான் காத்த தாள். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குப் பேசியிருப்பேன். வேறு வழியில்லாமல் அடிவயிற்றில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். முப்பது கடைக்கும் தட்டு வைத்தீர்களே அத்தான், எனக்கு மட்டும் வாட்ஸப்பா என்று. சின்னப் பையன் மாதிரி கேட்டேன். ஐம்பத்து மூன்று வயதில்.

அத்தான் என்னை நம்பாமல் பார்த்தார். அவருடைய போனை எடுத்து, அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து, இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளி என் கையில் கொடுத்தார். கல்யாணப் பத்திரிகையில் இருப்பது போலவே கீழே தங்கள் வரவை விரும்பும் என்று போட்டு, பெயர்கள். முதல் பெயர் என்னுடையது. ஊர், ஜெர்மனி. அதற்குக் கீழேதான் அக்காவும் அத்தானும்.

“அழைக்கிறவனுக்கு எவனாவது தட்டு வப்பானா? பாத்தேன்னு அக்காகிட்டச் சொன்னியே. நாங்க ரெண்டு பேரும் அன்னைக்கு முழுக்க உன் போனுக்குக் காத்துக் கிடந்தோம்.”

 பொறாமை அப்போது போய்விட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். போகவில்லை. முன்பு அவருடைய முக்கு மேல் இருந்தது, இப்போது அவருடைய மனசு மேல் வந்தது. என் பெயரை முதலில் போட எனக்கு வந்திருக்காது. நிச்சயம் வந்திருக்காது.

அத்தான் என் தோளைப் பிடித்து மேற்குப் பக்கக் கயிற்றுக்குத் தள்ளினார். “மொத விசேஷத்துக்குத்தான் நீ வரல. இன்னைக்காவது வாசல்ல நின்னு வாரவகளக் கூப்பிடு. பத்திரிகையில பேரு இருக்குல்லா.”

நின்றேன். கை கூப்பினேன். சாரல் விட்டிருந்தது, கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எதிர்ப்பக்கக் கயிற்றில் அத்தான் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இங்கே கேட்டது. கான்சாபுரத்து மாமா, வாங்க. ஏட்டி மாரி, பிள்ளைக்குக் காச்சல் விட்டுச்சா. நான் வாங்க, வாங்க என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் முப்பது வயதுவரை இருந்தவன். ஒரு முகத்துக்கும் எனக்குப் பெயர் தெரியவில்லை.

மதி பார்த்திருக்க வேண்டும். மைக்கை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். வருகிறவர்களைப் பார்த்து எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தாள். இது செருப்புக்கடை சண்முகம் அண்ணன். இவங்க பேண்டேஜ் யூனிட் ஜெயா அக்கா, கால் வலி இருக்கு, கேளுங்க. தமிழில் சொன்னாள். நான் கேட்டேன். “வாங்க ஜெயா, கால் வலி எப்படி இருக்கு?”

அந்த அம்மா திகைத்து என்னைப் பார்த்துவிட்டு, மதியின் கையைப் பிடித்தாள். “யாரு பிள்ள இவிய, உங்க வீட்டு விருந்தாளியா? பாவம், வெளியூருக்காரவுகள நிப்பாட்டி வச்சிருக்கீகளே. உக்காரச் சொல்லு, எம்புட்டு நேரம் நிப்பாக.”

மதி என்னைப் பார்த்தாள். நான் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். படியில் யாரோ எனக்காக நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டார்கள்.

நான் உட்காரவில்லை. அடுத்து வருகிறவர் பெயர் என்ன என்று மகளிடம் கேட்டேன்.